படைக்கலம் களைந்த பின்: கிழக்கிலங்கையில் மீண்டோர் வாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழர் மரபிலே போருக்கு இலக்கணம் உண்டு. நிரை கவர்வது முதலாக வெற்றி கொண்டாடுவது ஈறாக ஒவ்வொரு நிலைக்கும் திணையும் துறையும் வகுத்தார் தொல்காப்பியர். களத்தில் வீழ்ந்தவனுக்கு நடுகல் உண்டு. அவன் சுற்றத்தாருக்கு உதிரப்பட்டி என்னும் பெயரில் நிலம் வழங்கிய வழக்கினைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆயின், வீழாமலும் வாகை சூடாமலும், கையிலிருந்த படைக்கலத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் ஊரை நோக்கி நடந்த மனிதனைப் பற்றி மரபு அதிகம் பேசவில்லை. வரலாற்று நூல்களும் அவ்வாறே. போர் தொடங்கிய நாளும் முடிந்த நாளும் அவற்றில் உண்டு. முடிந்த நாளின் மறுநாட் காலையில் அவ்வீரன் எங்கே நின்றான் என்ற செய்தி அரிதாகவே கிடைக்கின்றது.

படை கலைதல் ஒரு நாளில் நிகழ்வது. படைவீரன் குடிமகனாதல் பல ஆண்டுகளில் நிகழ்வது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதே ஆட்சியாளர் பலர் செய்த தவறாகும். ஆயுதங்களை எண்ணி வாங்கிப் பதிவேட்டில் எழுதியதும் கடமை முடிந்ததென அவர்கள் கொண்டனர். மீண்டவனுக்கு உழைத்துண்ண ஒரு தொழிலும், உரிமையோடு பெறத்தக்க ஆதரவும், அவனை ஏற்கும் ஓர் ஊரும் அமைந்தபோதே அவன் உண்மையில் மீண்டவனாகின்றான். இம்மூன்றனுள் ஒன்று குறைந்தவிடத்தும் மீட்சி அரைகுறையாகவே நின்றது. மூன்றும் இல்லாதவிடத்து ஆயுதம் அவனைத் தேடித் திரும்பி வந்தது. இலங்கை வரலாற்றின் சில கட்டங்களைக் கொண்டு இதனை ஆராய்தல் தகும்.

இவ்வாராய்ச்சிக்கு நாவிதன்வெளி பொருத்தமான களமாக அமைகின்றது. கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கியிற் குறுக்கிடும் நீர்ப்பரப்பைக் கடந்தால் நாவிதன்வெளிப் பிரதேசம் தொடங்கும். மாரி வெள்ளம் பெருகும் நாட்களில் அவ்வழிப் போக்குவரத்துத் தடைப்படுவது இன்றும் வழமை. சொறிக்கல்முனை, அன்னமலை, வேப்பையடி, சாளம்பைக்கேணி, மத்தியமுகாம் முதலிய ஊர்களைக் கொண்ட இப்பிரதேசத்திலே தமிழரும் முஸ்லிம்களும் வாழ்கின்றனர். மட்டக்களப்புத் தமிழகத்தில் வெளி என்பது வயற்பரப்பைச் சுட்டும் சொல். பெயருக்கேற்ப, நெல்லே இங்கு வாழ்வின் அடிப்படை. 1949 ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் குடியேற்றத் திட்டம் இந்நிலத்தின் தோற்றத்தையும் மக்கட் பரம்பலையும் மாற்றியது. 1961 ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை தனி மாவட்டமாயிற்று. கிழக்கே முஸ்லிம்களின் கரையோரப் பட்டினங்கள். இடையே தமிழ்க் கிராமங்கள். மேற்கே சிங்களக் குடியேற்றங்கள். இயக்கங்களிற் சேர்ந்த தமிழ் இளைஞரும், ஊர்காவற்படையிற் சேர்ந்த முஸ்லிம் இளைஞரும், இராணுவத்திற் சேர்ந்த சிங்கள இளைஞரும் ஒரே பாசனத்து நீரிலே விளைந்த நெல்லை உண்டவர்களே. போர் முடிந்தபின் மூவரும் அவ்வயல்களுக்கே திரும்ப வேண்டியிருந்தது.

மீண்டு வரும் படைவீரனை எவ்வாறு பேணுவது என்பது அரசுகளின் மிகப் பழைய கவலைகளுள் ஒன்று. இதனை உரோமப் பேரரசு நன்கு உணர்ந்திருந்தது. நிலமும் பொருளுமின்றி விடப்பட்ட முதுபடையினர் உள்நாட்டுக் கலகத்துக்கு வித்தாவர் என்பதை அனுபவத்தாற் கண்ட ஒகஸ்டஸ் பேரரசர், கி. பி. 6 ஆம் ஆண்டில் அவர்களுக்கெனத் தனிக் கருவூலம் ஒன்றை நிறுவினார். மரபுரிமைச் சொத்தின்மீது நூற்றுக்கு ஐந்தும், ஏல விற்பனையின்மீது நூற்றுக்கு ஒன்றும் வரியாகப் பெறப்பட்டு அதிற் சேர்க்கப்பட்டன. தளபதியின் தயவை நம்பியிருந்த வீரன் பொதுக் கருவூலத்தின் உரிமையாளனானான். தமிழகத்திற் படைப்பற்று எனப்பட்ட நிலங்கள் படைத்தொழிலுக்கும் உழவுக்குமிடையே நிலவிய தொடர்பைக் காட்டுவன. பொலநறுவையிலுள்ள தமிழ்க் கல்வெட்டொன்று வேளைக்காரப் படையினர் தந்ததாதுக் கோயிலின் பாதுகாப்பைப் பொறுப்பேற்றமையைக் கூறுகின்றது. முதலாம் விஜயபாகுவின் காலத்திற் கலகஞ் செய்த அதே படையினர், அடுத்துவந்த காலத்திற் கோயிற் காவலராய் நின்றமை நோக்கத்தக்கது. வலிமையுள்ளவனுக்குப் பயனுள்ள பொறுப்பொன்று கிடைத்தால் அவ்வலிமை ஆக்கத்துக்கு உதவும் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், இலங்கை மண்ணில் ஒரு படை முழுவதும் கலைக்கப்பட்ட நிகழ்ச்சி 1873 ஆம் ஆண்டில் நடந்தது. ஒல்லாந்தர் காலத்தில் யாவா முதலிய தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மலாயர், 1796 ஆம் ஆண்டின் பின் பிரித்தானியரின் சேவையிற் சேர்க்கப்பட்டனர். காலப்போக்கில் இலங்கை றைபிள் படையணி என வழங்கிய படையின் முதுகெலும்பாக அவர்கள் விளங்கினர். மலாய்ப் போர்வீரன் படைமுகாமிலே மனைவி மக்களுடன் வாழ்ந்தான். அவன் பிள்ளைகள் படையணியின் பாடசாலையிற் படித்தனர். ஆகவே, செலவு மிகுதியும் ஆட்சேர்ப்பின் அருமையும் காரணமாக 1873 இற் படையணி கலைக்கப்பட்டபோது அவன் இழந்தது ஊதியம் மாத்திரமன்று. வீட்டையும் ஊரையும் பாடசாலையையும் ஒருங்கே இழக்க நேர்ந்தது.

எனினும் அச்சமூகம் சிதைந்துவிடவில்லை. அதற்குரிய காரணங்கள் ஆராயத்தக்கவை. முதலாவதாக, அக்காலத்தில் விரிந்துகொண்டிருந்த பொலிஸ் சேவை மலாயர் பலரை ஏற்றுக்கொண்டது. கொழும்பின் தீயணைப்புப் படையிலும் அவர்கள் இடம்பெற்றனர். மற்றுஞ் சிலர் பெருந்தோட்டங்களில் மேற்பார்வை வேலைகளுக்குச் சென்றனர். இலங்கைச் சோனகரோடு மணவுறவும் சமய உறவும் கொண்டிருந்தமையால் அவர்கட்குத் தமிழ் தெரிந்திருந்தது. தமிழ்த் தொழிலாளரிடையே வேலைசெய்ய அம்மொழியறிவு உதவியது. இரண்டாவதாக, படையணிக்கு வெளியேயும் அவர்களுக்கு ஒரு சமூக வாழ்வு முன்னரே உருவாகியிருந்தது. பள்ளிவாசல்கள் இருந்தன. 1869 ஆம் ஆண்டிலே பாபா யூனுஸ் சல்தீன் என்பார் அலாமத் லங்காபுரி என்ற மலாய்ப் பத்திரிகையை அரபெழுத்திற் கல்லச்சில் வெளியிடத் தொடங்கியிருந்தார். படையணி கலைவதற்கு நான்கு ஆண்டுகட்கு முன்னரே தமக்கெனப் பத்திரிகை கண்ட சமூகம், படையணியின் பெயரில் மட்டும் வாழ்ந்த சமூகமாகாது. தொழிலை அரசு திறந்துவிட்டது. ஊரைச் சமூகம் தானே கட்டி வைத்திருந்தது. இவ்விரண்டும் கூடியதாலேயே மாற்றம் இயன்றது.

இருபதாம் நூற்றாண்டில் ஆதரவு பற்றிய வினா வேறொரு வடிவில் எழுந்தது. முதலாம் உலகப் போர் 1918 நவம்பர் 11 இல் முடிவுற்றதன் நினைவாக, ஆண்டுதோறும் அந்நாளிற் பொப்பி மலர்கள் இலங்கையிலும் விற்கப்பட்டன. போரிலே பணிபுரிந்தோரின் நல்வாழ்வுக்கென மக்கள் அவற்றை வாங்கி அணிந்தனர். ஆனால், சேர்ந்த பணத்திற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குச் சென்றது. இலங்கையின் முன்னாட் படையினருக்கு எஞ்சியது சிறிதே. இதனை எதிர்த்து 1931 ஆம் ஆண்டில் ஏலியன் பெரேரா என்பாரின் முயற்சியால் முன்னாட் படையினர் ஒரு மாற்றுமலரை விற்கத் தொடங்கினர். அதுவே சூரியமல். கிழக்குக் கரையின் வேலிகளெங்கும் பூத்துக் குலுங்கும் பூவரசம் பூவே சிங்களத்தில் அப்பெயர் பெறுகின்றது. அந்நிய மண்ணின் செம்மலருக்கு எதிராக உள்ளூர் வேலியின் மஞ்சள் மலர் எழுந்தது எனலாம்.

சூரியமல் இயக்கத்தின் பிற்கால வரலாறு நன்கறியப்பட்டது. 1933 ஆம் ஆண்டிலே தென்கொழும்பு வாலிபர் சங்கத்தார் அதனைக் கையேற்றனர். பின்னாளில் டொரீன் விக்கிரமசிங்க என அறியப்பட்ட டொரீன் யங் அதன் தலைவரானார். 1934, 1935 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயின்போது அவ்வியக்கத்தினர் கிராமங்களில் ஆற்றிய பணி பெரிது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவானமைக்கு அதுவே நாற்றங்காலாயிற்று. இவை பெருமைக்குரிய செய்திகளே. ஆயினும், வரலாற்றாசிரியர் பலர் கவனியாது விட்ட ஒன்றுண்டு. மலரை முதலில் விற்றவன் வறுமையுற்ற முன்னாட் படைவீரன். மலர் ஏகாதிபத்திய எதிர்ப்பின் சின்னமாக உயர உயர, அவனுடைய முகம் அம்மலரின் பின்னால் மறைந்துபோயிற்று. ஏகாதிபத்தியம் அவனை மறந்தது இயல்பு. அதனை எதிர்த்தவர்களின் வரலாற்றிலும் அவனுக்கு ஒரு முன்னுரைக்கு மேல் இடமில்லை. முன்னாட் படைவீரனைச் சின்னமாக்குவது எளிது. அவன் வீட்டு அடுப்பை எரியச் செய்வதே அரிது. இந்தப் பாடம் பிற்காலத்துக்கும் பொருந்துவதாயிற்று.

உள்நாட்டுப் போர்க்காலத்திலே மட்டக்களப்பு, அம்பாறைப் பிரதேசங்கள் கண்ட அனுபவம் இவையனைத்தினும் கொடியது. தமிழீழ விடுதலைப் புலிகளின் கிழக்குத் தளபதியாயிருந்த கருணா என்னும் விநாயகமூர்த்தி முரளிதரன் 2004 மார்ச்சில் இயக்கத்திலிருந்து பிரிந்தார். ஏப்ரல் 9, பெரிய வெள்ளியன்று, வன்னித் தலைமையின் படையினர் வெருகலாற்றைக் கடந்தனர். சில நாட்களுள் கருணா தம் படையைக் கலைத்தார். பெருந்தொகையான போராளிகள் வீடுகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலர் பதினெட்டு வயது நிரம்பாத சிறார். ஒப்பந்தம் இல்லை, பதிவில்லை, பயிற்சியில்லை, காவலுமில்லை. பெற்றோர் பிள்ளைகளைக் கண்ட மகிழ்ச்சி ஒன்றே இருந்தது.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில வாரங்களிலேயே வீடு திரும்பியோரைப் புலிகள் மீளவும் சேர்க்க முற்பட்டனர். ஊர்க் கூட்டங்களுக்கு அழைத்தும், வீடு வீடாகத் தேடியும் அது நிகழ்ந்ததை மனித உரிமை அமைப்புகள் அதே ஆண்டிற் பதிவு செய்தன. ஆண்டிறுதியில் டிசம்பர் 26 இற் கடல் பொங்கியது. நாட்டிலேயே மிகுதியான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். நிவாரணமே தலையாய பணியாகிவிட்ட அவ்வேளையில், வீடு திரும்பிய சிறாரின் வாழ்வைப் பற்றிச் சிந்திக்க எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. 2006 ஆம் ஆண்டளவில் கருணா குழுவினரும் கிழக்கிற் சிறுவரைக் கடத்திச் சேர்த்தமை பதிவாகியுள்ளது. ஒரே பிள்ளை இருமுறை படைவீரனாக்கப்படும் நிலை ஏற்பட்டது. 2008 டிசம்பரிலேயே அவ்வணி உருவாக்கிய தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியும் அரசாங்கமும் யூனிசெப் நிறுவனமும் சிறாரை விடுவிப்பதற்கான செயற்றிட்டமொன்றிற் கையொப்பமிட்டன. 2004 இன் கலைப்புக்கும் இச்செயற்றிட்டத்துக்கும் இடையே நான்கரை ஆண்டுகள் கழிந்திருந்தன. காவலும் தொழிலும் இன்றி வீட்டுக்கு அனுப்புதல், வீட்டைப் படையின் சேமப்பட்டியாக்குதலுக்கு ஒப்பாகும் என்பதை அந்நான்கரை ஆண்டுகள் காட்டின.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றபின் அரசு மேற்கொண்ட முயற்சி அளவிலும் அமைப்பிலும் வேறானது. புனர்வாழ்வு ஆணையாளர் நாயகத்தின் பணியகத்தின் பொறுப்பில் ஏறத்தாழ 12,000 முன்னாட் போராளிகள் முகாம்களில் வைக்கப்பட்டனர். பூந்தோட்டம், வெலிகந்தை முதலிய இடங்களில் அம்முகாம்கள் அமைந்தன. பதினெட்டு வயதுக்குட்பட்ட 594 பேர் வேறாக்கப்பட்டனர். அவர்களுட் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியிற் கல்வி தொடர வாய்ப்புப் பெற்றனர். தச்சு, மேசன் வேலை, தையல், மின்னிணைப்பு, கணினி முதலிய துறைகளிற் பயிற்சி அளிக்கப்பட்டது. 2012 ஆம் ஆண்டளவிற் பெரும்பாலானோர் விடுவிக்கப்பட்டுவிட்டனர். இவ்வளவு பெருந்தொகையினரை அவ்வளவு குறுகிய காலத்தில் வீட்டுக்கு அனுப்பியமை புறக்கணிக்கத்தக்க செய்தியன்று.

ஆயின் இம்முயற்சியின் மறுபக்கமும் சொல்லப்படல் வேண்டும். புனர்வாழ்வு என்பது பலருக்கு நீதிமன்றத் தீர்ப்பின்றி அமைந்த தடுப்புக்காவலாகவும் இருந்தது. தாமாகப் படையிற் சேர்ந்தவரும், பலவந்தமாகப் பிடித்துச் செல்லப்பட்டவரும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர். விடுதலையானபின் புலனாய்வாளர் வீடு தேடி வருவதும், அலுவலகத்துக்கு அழைத்து விசாரிப்பதும் ஆண்டுக்கணக்கிற் தொடர்ந்தன. அடிக்கடி விசாரணைக்கு உள்ளாகும் ஒருவனுக்கு வேலை கொடுக்க முதலாளி தயங்குவான். கடன் கொடுக்கக் கடைக்காரன் தயங்குவான். பெண் கொடுக்கப் பெற்றோர் தயங்குவர். பெண் போராளிகளின் நிலை இதனினும் கடினமானது. படையிலே தளபதியாகக் கட்டளையிட்டவளைக் கிராமம் அடக்கமற்றவள் என்று கருதியது. முகாமில் இருந்து வந்தவள் என்பதே அவளுடைய திருமணத்துக்குத் தடையாயிற்று. தொழிற்பயிற்சிச் சான்றிதழில் இருந்த முத்திரையே சிலருக்குத் தம் கடந்தகாலத்தை வெளிப்படுத்தும் அடையாளமாகிவிட்டது. தொழில் ஓரளவு கற்பிக்கப்பட்டது; ஊர் தயாராக்கப்படவில்லை.

உரிமை என்னும் கூறு இங்கே முற்றாக விடுபட்டது. அரசபடையினருக்கு ரணவிரு சேவா அதிகாரசபை 1999 ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டது. உறுப்பிழந்த இராணுவவீரனுக்கும் இறந்தவனுடைய குடும்பத்துக்கும் கொடுப்பனவுகள் சட்டப்படி உண்டு. ராகமையிலுள்ள ரணவிரு செவன போன்ற நிலையங்களும் உண்டு. ஊர்காவற்படையினர் 2006 ஆம் ஆண்டில் அமைந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் நிரந்தர ஊதியம் பெறுவோராயினர். காலிழந்த முன்னாட் போராளிக்கோ அத்தகைய சட்டம் எதுவுமில்லை. தொண்டு நிறுவனம் தந்த கோழிக்குஞ்சும், தையல் இயந்திரமும், கடனுமே அவனுக்குக் கிடைத்த ஆதரவு. வடக்கிலே முன்னாட் போராளிகள் பலர் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளில் வேலைபெற்றமை அவர்களுடைய குடும்பங்களின் பட்டினியைத் தணித்தது. எனினும் பாதுகாப்பு அமைச்சின் சம்பளப் பட்டியலில் நின்று குடிமை வாழ்வுக்குத் திரும்புதல் எவ்வாறு என்ற வினாவையும் அது எழுப்பியது. சட்டம் இருந்தால் மட்டும் போதும் என்பதுமன்று. ஐக்கிய அமெரிக்கா 1944 ஆம் ஆண்டில் இயற்றிய படைவீரர் மீளமைவுச் சட்டத்தின் பயனாக 1 கோடி 60 இலட்சம் போர்வீரருள் ஏறத்தாழ 78 இலட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். அதே சட்டத்தின் வீட்டுக் கடனும் கல்லூரி இடமும் கறுப்பின வீரர் பலருக்கு எட்டாக்கனியாயின. சட்டம் ஏட்டிற் பொதுவாயிருந்தாலும் வங்கியின் வாயிலிற் பேதம் நின்றது.

நாவிதன்வெளி போன்ற ஒரு வயற்பிரதேசத்தில் மேற்கூறிய மூன்று தேவைகளும் எவ்வாறு உருப்பெறுகின்றன என்பதை இங்கு நோக்கலாம். வேளாண்மைக்குத் திரும்புவது எனச் சொல்லுதல் எளிது. பெரும்போகம் செய்ய நினைப்பவனுக்கு முதலில் நிலம் வேண்டும். சொந்த நிலமில்லாதவன் போடியாரிடமோ வேறு உடைமையாளரிடமோ குத்தகைக்குக் கேட்க வேண்டும். விதைநெல்லுக்கும் பசளைக்கும் உழவு இயந்திரத்துக்கும் முற்பணம் வேண்டும். வட்டைக்கு நீர் திறக்கும் முறையை வட்டவிதானையாரோடும் அயல் வயற்காரரோடும் பேசி ஒழுங்கு செய்ய வேண்டும். விளைந்ததை வாங்கும் வியாபாரி பெரும்பாலும் கரையோரப் பட்டினத்திலிருந்து வருவார். இவ்வாறு, ஓர் ஏக்கர் நெல் விளைவதற்குள் பலரது நம்பிக்கை தேவைப்படுகின்றது. அந்நம்பிக்கையுள் தமிழரின் நம்பிக்கையும் முஸ்லிம்களின் நம்பிக்கையும் கலந்துள்ளன. பத்து ஆண்டுகள் இயக்கத்திலிருந்து வந்தவனிடம் உடல் வலிமை உண்டு, இப்பிணைப்புகள் இல்லை. பயிற்சி முகாமில் அவற்றைக் கற்பிக்கவும் இயலாது.

இந்நம்பிக்கை 1990 ஆம் ஆண்டில் ஆழமாகப் புண்பட்டது. அவ்வாண்டின் ஆகஸ்ட் மாதத்திலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், ஏறாவூரிலும், வீரமுனையிலும் நிகழ்ந்த படுகொலைகள் இரு சமூகங்களின் நினைவிலும் நிலைத்துள்ளன. ஒரு சமூகத்தின் பார்வையில் காவலனாயிருந்தவன், மறு சமூகத்தின் பார்வையிற் கொலையாளியாயிருந்தான். ஆகவே கிழக்கிலே படைவிட்டவனின் மீட்சி அவனுடைய சொந்த ஊரில் மாத்திரம் நிறைவேறுவதன்று. கிட்டங்கிக்கு அப்பாலுள்ள சந்தையிலும் அவன் அச்சமின்றி நிற்கவும், அவனைக் கண்டு பிறர் அஞ்சாதிருக்கவும் வேண்டும். இதற்கு உண்மை பேசப்படல் அவசியம். சரணடைந்தபின் காணாமற்போனோரைத் தேடும் தாய்மாருக்கு விடை வேண்டும். பள்ளிவாசலிற் தந்தையை இழந்த பிள்ளைக்கும் விடை வேண்டும். விடையின்றி மீண்டவனை மட்டும் ஏற்றுக்கொள்ளச் சொன்னால், அவ்வேற்பு உதட்டளவிலேயே நிற்கும்.

ஆயினும் கிழக்கின் மரபிலே நம்பிக்கைக்கு இடமுண்டு. பங்காகவும் கூலியாகவும் நெல்லைப் பகிர்ந்து உண்ட களத்து வழக்கமும், தமிழ்ப் போடியாரின் வயலில் முஸ்லிம் உழவனும், முஸ்லிம் போடியாரின் வயலிற் தமிழ் உழவனும் உழைத்த வழக்கமும் போருக்கு முந்தியவை. போரின் பின்னும் அவை முற்றாக அறுந்துவிடவில்லை. அரசாங்கத் திட்டங்கள் தனிமனிதனுக்கு உபகரணம் வழங்குவதோடு நின்றுவிடாது, கமக்காரர் அமைப்புகள், கூட்டுறவுச் சங்கங்கள், மீன்பிடிச் சங்கங்கள் முதலிய ஊர் நிறுவனங்களில் மீண்டோருக்கு உறுப்புரிமையும் கடனும் கிடைக்கச் செய்தல் பயன்தரும். முன்னாட் போராளி என்னும் பெயரோடு அன்றி, வட்டையின் கமக்காரன் என்னும் பெயரோடு அவன் கூட்டத்தில் அமர்தல் வேண்டும். உறுப்பிழந்தோருக்கு, அவர் எந்தப் படையில் நின்றவராயினும், எப்படையிலும் நில்லாத குடிமகனாயினும், தேவையின் அடிப்படையில் ஒரே சட்டத்தின் கீழ் உதவி கிடைத்தல் வேண்டும். சமூகங்கள் ஒன்றையொன்று பொறாமையோடு நோக்கும் நிலையை அதுவே குறைக்கும்.

மலாய்ப் படையணியின் வரலாறு தொழிலும் சமூகமும் கைகோத்தபோது மீட்சி இயலும் என்பதைக் காட்டியது. சூரியமலின் வரலாறு, வீரனைச் சின்னமாக்கிவிட்டு மனிதனை மறக்கும் அபாயத்தைக் காட்டியது. 2004 ஆம் ஆண்டின் வரலாறு, வெறுங்கையோடு அனுப்பப்பட்டவன் மீண்டும் ஆயுதத்துக்கே இரையாவான் என்பதைக் காட்டியது. 2009 இன் பின்னைய வரலாறோ, பயிற்சி பெற்றவனும் உரிமையும் ஏற்பும் இன்றேல் வாயிற்படியிலேயே நின்றுவிடுவான் என்பதை உணர்த்துகின்றது. இயக்கத்திற் சேர்க்கப்பட்டபோது சிறாராயிருந்தவர்கள் இன்று நடுவயதை எட்டிவிட்டனர். அவர்களுடைய பிள்ளைகள் பாடசாலை செல்கின்றனர். தந்தை எதற்காகப் போனார் என்று அப்பிள்ளைகள் ஒருநாள் கேட்பர். அவர் திரும்பி வந்தபோது ஊர் என்ன செய்தது என்றும் கேட்பர். முதல் வினாவுக்கு வரலாறு பல விடைகளை வைத்திருக்கின்றது. இரண்டாவது வினாவுக்குரிய விடையை ஊரே எழுத வேண்டியுள்ளது.